பின்வளவில் நட்ட கப்பல்

ஆக்லாந்துத் துறைமுகத்தை ஒட்டிய பழைய சரக்குக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில், பசிபிக் தீவுகளின் போர்க்கால ஆவணங்களைக் காக்கும் சிறிய காப்பகம் ஒன்று இருந்தது. பூங்கோதை அங்கே வாரத்தில் நான்கு நாட்கள் வேலை பார்த்தாள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், வரலாறு படித்தவள், மவுண்ட் ஆல்பர்ட்டிலிருந்து ரயிலில் வந்துபோகிறவள். பெட்டிகளைத் திறந்து, உள்ளே இருப்பதைப் படித்து, எது எங்கே இருக்கிறது என்று அட்டவணை எழுதுவது அவளுடைய பணி. பிறருக்கு அது சலிப்பூட்டும் பணியாகத் தோன்றலாம். பூங்கோதைக்கோ, ஒவ்வொரு மூடியைத் தூக்கும்போதும், பிறந்தநாள் பரிசைப் பிரிக்கும் குழந்தையின் விரல்கள் வந்துவிடும்.

நுவாலோ என்ற தீவின் கடற்படை ஆவணங்கள் பதினான்கு பெட்டிகளில் வந்திருந்தன. ஒன்பதாவது பெட்டியின் அடியில், துருப்பிடித்த தகரப் பேழைக்குள், ஈரத்தில் ஊறிக் காய்ந்து செங்கல்லைப்போல் இறுகிய குறிப்பேடு ஒன்று கிடைத்தது. மேலட்டையில் ஆங்கிலத்தில் ‘மருத்துவமனை’ என்று இருந்தது. உள்ளே ஓரத்தில் தெரிந்த எழுத்துகளைக் கண்டதும் பூங்கோதை நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். அவை தமிழ் எழுத்துகள்.

போர்க்காலத்தில் அந்தத் தீவின் சிறு மருத்துவமனையை நடத்தியவர் விநாயகமூர்த்தி என்னும் அப்போதிக்கரி. மருந்து கலக்கவும் சில்லறை நோய்களுக்கு வைத்தியம் பார்க்கவும் பயின்றவர்களை அக்காலத்தில் அப்படித்தான் அழைத்தார்கள். அவர் இலங்கையிலிருந்து வந்தவர் என்பதற்கு மேல் கடற்படைக் கோப்புகளில் ஒரு வரியும் இல்லை. அவர் தமக்காகத் தமிழில் எழுதிவைத்த குறிப்புகள்தாம் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவரும் படிக்காமல் அந்தப் பேழைக்குள் கிடந்தன.

அந்த ஏட்டுக்காகக் காத்திருந்தவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் தெரேசா. நுவாலோவில் பிறந்து, ஆக்லாந்தில் முதுமை அடைந்தவர். அவருடைய தந்தை தெபானோ, அந்தத் தீவின் மேற்குக் குன்றின்மேல் அமர்ந்து எதிரிக் கப்பல்கள் வருகின்றனவா என்று கண்காணித்த கடற்காவலர்களில் ஒருவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று மார்ச் பதின்மூன்றாம் நாள் மாலை, மேற்குப் பக்கமாக வந்த எதிரிக் கப்பல்கள், தீவை நெருங்கிக்கொண்டிருந்த ரோந்துப் படகு ஒன்றை மூழ்கடித்தன. பதினொரு மாலுமிகள் இறந்தார்கள். குன்றிலிருந்து கடற்படையின் வானொலி நிலையத்துக்கு எச்சரிக்கை எதுவும் வரவில்லை. விசாரணையில், ‘அப்போது எங்கே இருந்தாய்?’ என்று கேட்டதற்குத் தெபானோ சொன்னதாக ஒரே ஒரு சொல் பதிவாகியிருக்கிறது: ‘படுத்திருந்தேன்.’ காவல் நேரத்தில் உறங்கியவன் என்று தீர்ப்பெழுதி அவரை நீக்கிவிட்டார்கள். அவர் அதன்பின் நெடுநாள் வாழவில்லை. தெரேசா அப்போது கைக்குழந்தை.

இப்போது தீவில் கடற்காவலர்களுக்கு நினைவுக்கல் ஒன்று நாட்டவிருந்தார்கள். பெயர்ப்பட்டியலை முடிவுசெய்யும் குழு செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் காப்பகத்திலேயே கூடவிருந்தது. பட்டியலில் இருபத்திரண்டு பெயர்கள் இருந்தன. தெபானோவின் பெயர் இல்லை. சேர்க்கவேண்டும் என்று தெரேசா விண்ணப்பித்திருந்தார். கல் ஒருமுறை செதுக்கப்பட்டுவிட்டால் பின்னர் எதுவும் சேர்க்கமுடியாது.

ஆகவே, குறிப்பேட்டின் அந்த ஒரு வாரத்தை மட்டும் முதலில் பிரித்துப் படமெடுத்துத் தரும்படி குழு கேட்டது. காப்பகத்தின் தலைவி ஜூடித் மெல்லிய தகட்டை நுழைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, பதினொரு பக்கங்களைப் பிரித்துக் கொடுத்தாள். பூங்கோதை அவற்றை மொழிபெயர்த்தாள். மார்ச் பதின்மூன்றாம் நாளுக்கு விநாயகமூர்த்தி எழுதியிருந்தது இவ்வளவுதான்:

‘மேற்கால் தெபானோ கப்பல் மூன்று கொண்டுவந்தான். ஒன்று பழுது. காய்ச்சல் 104. கிடத்தினேன். ஸ்டேசனுக்குத் துண்டு அனுப்பினேன். மழை.’

மேற்கால் என்றால் மேற்கிலிருந்து, அது விளங்கியது. ஆனால், கப்பலை ஒருவன் எப்படிக் கொண்டுவருவான்? பூங்கோதை ஒரு முழுநாள் யோசித்தாள். பிறகு பகர அடைப்புக்குள் ‘செய்தி’ என்ற சொல்லைச் சேர்த்து, மூன்று கப்பல்களைப் பற்றிய செய்தியைத் தெபானோ கொண்டுவந்தான், அவற்றில் ஒன்று சேதமடைந்திருந்தது என்று எழுதினாள். காய்ச்சல் வரியில், மற்றோர் அடைப்புக்குள் ‘ஒரு நோயாளிக்கு’ என்று சேர்த்தாள். துண்டு என்றால் துவட்டும் துணி. மருத்துவமனையில் துவைத்த துணிகள் வானொலி நிலையத்துக்குப் போயிருக்கவேண்டும். மழைக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை தெரேசா வந்தார். ஜூடித் ஆங்கில மொழிபெயர்ப்பை வாசித்துக் காட்டினாள். கிழவியார் கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டு இருமுறை கேட்டார்.

“அப்படியானால், அப்பா கப்பல்களைப் பார்த்திருக்கிறார்.”

“அப்படித்தான் தெரிகிறது” என்றாள் ஜூடித்.

“பார்த்துவிட்டு, நிலையத்துக்குச் சொல்லாமல், வைத்தியரிடம் கதையாகச் சொல்லியிருக்கிறார்.”

ஜூடித் தாளை மேசைமேல் வைத்தாள்.

“தூங்கினார் என்று அம்மா சொல்வாள். தூங்கினவரை மன்னிக்கலாம். இதை எப்படி மன்னிப்பது?” தெரேசா எழுந்தார். “செவ்வாய்க்கிழமை வருகிறேன். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதானாலும் நேரில்தான் செய்யவேண்டும்.”

படியிறங்கிச் சென்ற அந்தக் காலடிகளின் ஓசை சனிக்கிழமை முழுவதும் பூங்கோதையின் காதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் ரதிதேவியுடன் அவொண்டேல் சந்தைக்குப் போனாள். ரதிதேவி யாழ்ப்பாணத்துக்காரி, மருத்துவமனை ஆய்வுக்கூடமொன்றில் பணிபுரிகிறவள், அடுத்த தெருவில் குடியிருப்பவள், காலையிலும் மாலையிலும் அதே ரயிலில் வருபவள். பூங்கோதையைவிட நான்கு வயது மூத்தவள் என்பதால் அக்கா. குதிரைப் பந்தயத் திடலின் ஓரத்தில் கூடும் அந்தச் சந்தையில் வெண்டைக்காய் முதல் சைக்கிள் வரை கிடைக்கும். கடல் மட்டும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் கிடையாது.

தீவுக்காரப் பெண்மணி ஒருத்தியின் கடைமுன்னால் ரதிதேவி சட்டென்று நின்றாள்.

“இஞ்ச பாரும் பூங்கோதை, கப்பல் வந்திருக்கு!”

பூங்கோதை திரும்பிப் பார்த்தாள். திடல், கார்கள், அப்பால் மரங்கள். “எங்கக்கா?”

“உதில, உமக்கு முன்னாலதான். உந்தப் பெட்டிக்குள்ள.”

பெட்டிக்குள் குட்டையான, பருத்த வாழைப்பழச் சீப்புகள் இருந்தன.

“இது வாழைப்பழம்க்கா.”

“ஓம், வாழைப்பழம்தான். கப்பல் வாழைப்பழம். அச்சொட்டா அதே மாதிரி. என்னப்பா நீர் இப்பிடி முழுசுறீர்? கதலி, இதரை, கப்பல், மொந்தன் எண்டு நாங்கள் சொல்லுறது. உங்கட ஊரில கப்பல் இல்லையோ?”

“எங்க ஊர்ல கப்பல்னா தண்ணியில போறதுதான்.”

“எங்கட ஊரில தண்ணியிலயும் போகும், வாய்க்குள்ளயும் போகும்.”

கடைக்காரப் பெண்மணி ஒன்றும் புரியாமலே சிரித்தாள். பூங்கோதை சிரிக்கவில்லை. கையிலிருந்த கொத்தமல்லிக் கட்டு நழுவியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

“அக்கா, ‘கப்பல் மூணு கொண்டுவந்தான், ஒண்ணு பழுது’ன்னு ஒருத்தர் எழுதினா என்ன அர்த்தம்?”

“மூண்டு குலை கொண்டுவந்தவன், ஒரு குலை அழுகிப்போச்சு. இதில என்ன விளங்கேல்லை உமக்கு?”

ஒரு குளத்தில் தவளை ஒன்று வாழ்ந்துவந்தது. களைத்து வந்த நாரை ஒன்று, இறங்கி நிற்கலாமா என்று எண்ணி, ‘தண்ணீர் எவ்வளவு?’ என்று கேட்டது. ‘கழுத்தளவு’ என்றது தவளை. நாரை தன் கழுத்தின் நீளத்தை ஒருமுறை நினைத்துப் பார்த்தது. அவ்வளவு ஆழத்தில் எப்படி நிற்பது என்று அஞ்சி, வேறு குளம் தேடிப் பறந்துபோயிற்று. தவளை பொய் சொல்லவில்லை. நாரைக்கும் காது பழுதில்லை. அன்று பூங்கோதை, கையில் வாழைப்பழச் சீப்புடன், அந்த நாரையைப்போலத்தான் நின்றாள்.

திங்கட்கிழமை காலை ஜூடித் வருமுன்பே அவள் காப்பகத்தின் வாசலில் இருந்தாள்.

“வாழைப்பழமா?” என்றாள் ஜூடித். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். “எனக்குச் சரியாகக் கேட்டதா? நாம் ஒரு குழுவுக்கு, மூன்று வாழைக்குலைகளை எதிரிக் கடற்படை என்று எழுதி அனுப்பியிருக்கிறோமா?”

“நாம் இல்லை. நான்.”

“உன் தோழி சொல்கிறாள் என்பதற்காக மாற்றமுடியாது. அவர் எழுதியதிலிருந்தே காட்டவேண்டும். காட்டினாலும் பழைய மொழிபெயர்ப்பைக் கிழிக்கமாட்டோம். இரண்டும் ஒரே உறையில் இருக்கும், உன் கையெழுத்தோடு.”

“தெரியும்.”

ஜூடித் எழுந்து, பாதுகாப்பு அறையின் கதவைத் திறந்தாள். வார இறுதிக்குள் மேலும் நாற்பது பக்கங்கள் பிரிந்திருந்தன. பருத்திக் கையுறை வேண்டாம், கழுவித் துடைத்த விரலே போதும் என்பது அவளுடைய கொள்கை. பூங்கோதை கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் இருபது பக்கங்களில் விநாயகமூர்த்தி கடலில் போவதைக் கப்பல் என்று ஒரு தடவைகூட எழுதவில்லை. சரக்குக் கொண்டுவந்தது ஸ்டீமர். கடற்படையினுடையது போர்க்கப்பல். தீவுக்காரர்கள் ஓட்டியது வள்ளம். வெறும் ‘கப்பல்’ என்று வந்த இடங்களிலெல்லாம் அதற்குப் பக்கத்தில் யாரோ ஒரு நோயாளியின் பெயர் இருந்தது. ஒருவனுக்குக் காலில் புண், கப்பல் ஒன்று. ஒருத்திக்குப் பிரசவம், கப்பல் இரண்டு, மீன். வைத்தியம் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை என்பது அந்தத் தீவின் வழக்கமாக இருந்திருக்கிறது.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் பூங்கோதை நின்றாள். பிறகு எழுந்து, அறைக்கு வெளியே போய், ஜூடித்தைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள்.

“இந்த வரி. ‘பின்வளவில் கப்பல்குட்டி இரண்டு நட்டேன்.’ வளவு என்றால் வீட்டைச் சுற்றிய நிலம். குட்டி என்றால் குட்டிதான்.”

“குட்டிக் கப்பல்கள் இரண்டை நட்டாரா?”

“அடுத்த மாதம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.”

ஜூடித் அவ்வளவு உரக்கச் சிரித்ததைக் காப்பகத்தின் சுவர்கள் அதுவரை கேட்டதில்லை. ஆனால், சிரிப்பு அடங்கியதும் அவளுடைய முகம் மாறியது. “பூங்கோதை, யோசித்துப் பார். தெபானோ கப்பலைப் பார்க்கவில்லை, சரி. ஆனால் குன்றின்மேல் இருக்கவேண்டிய நாளில், பழத்தைச் சுமந்துகொண்டு மருத்துவமனைக்கு வந்திருக்கிறான். முன்பு சொல்லாமல் விட்டவன். இப்போது காவலையே விட்டுவிட்டு வந்தவன். இது அந்த அம்மாளுக்கு முன்னதைவிட மோசம்.”

ஒரு மனிதரை ஒரு குழியிலிருந்து தூக்கி அதைவிட ஆழமான குழியில் இறக்கிவிட்டோமோ என்று பூங்கோதைக்குத் தோன்றியது. பேசாமல் விட்டிருக்கலாமோ என்ற எண்ணமும் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. ஆனால், அந்த எண்ணத்தைவிட அவளுடைய ஆவல் பெரிதாக இருந்தது. அவள் மறுபடியும் ஏட்டின் முன் உட்கார்ந்தாள்.

இந்தமுறை அவள் சொற்களை விட்டுவிட்டு, அவர் எழுதும் ஒழுங்கைப் பார்த்தாள். வந்தவர் பெயர். கொண்டுவந்தது. நோய். செய்த வைத்தியம். எல்லாக் குறிப்புகளும் இந்த வரிசையில்தான் நடந்தன. பெயரை ஒருமுறைதான் எழுதுவார், மறுமுறை சொல்லமாட்டார். புண் யாருக்கு, பிரசவம் யாருக்கு என்று தனியே எழுதுவதில்லை. அப்படியானால், காய்ச்சல் 104 யாருக்கு?

அடைப்புக்குள் ‘ஒரு நோயாளிக்கு’ என்று அவள் தானாகச் சேர்த்த அந்தச் சொற்களுக்கு இடமே இல்லை. காய்ச்சல் தெபானோவுக்கு. கிடத்தப்பட்டவர் தெபானோ. நூற்று நான்கு பாகைக் காய்ச்சலிலும், வழக்கத்தை விடாமல், மூன்று குலைகளைச் சுமந்துகொண்டு குன்றிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். விசாரணையில் ‘படுத்திருந்தேன்’ என்றதும் மெய்தான். எங்கே படுத்திருந்தாய் என்று ஒருவர் கேட்டிருந்தால், மருத்துவமனைக் கட்டிலில் என்று சொல்லியிருப்பார்.

“நல்லது” என்றாள் ஜூடித், நிதானமாக. “மிகவும் நல்லது. ஆனால் குழுத் தலைவரை எனக்குத் தெரியும். கடற்படையில் முப்பது வருடம் இருந்தவர். நோய் வந்தால் இறங்கலாம், ஆனால் நிலையத்துக்கு அறிவித்துவிட்டு இறங்கவேண்டும், அதுதான் விதி. அறிவித்தாரா என்று கேட்பார். அறிவித்தாரா?”

ஏட்டில் அதற்குப் பதில் இல்லை என்றே பூங்கோதை நினைத்தாள்.

மாலை ரயிலில் கூட்டம். மவுண்ட் ஆல்பர்ட் போகும்வரை பூங்கோதையும் ரதிதேவியும் நின்றபடியே வந்தார்கள். ரதிதேவிக்குக் கப்பல் கதையின் மீதியைக் கேட்காமல் உறக்கம் வராது போலிருந்தது.

“அப்ப அந்த மனுசன் காய்ச்சலில கிடந்தவர். பேந்து என்ன எழுதியிருக்கு?”

“அவ்வளவுதான்க்கா. ஸ்டேசனுக்குத் துண்டு அனுப்பினேன், மழை. முடிஞ்சுது.”

“துண்டு அனுப்பினவரோ! பேந்தென்ன? சொல்லிப்போட்டார்தானே.”

“துண்டு அனுப்பினா எப்படிச் சொன்னதாகும்? துண்டு, தோள்ல போடுவோமே, துவட்டுறது...”

ரதிதேவி கைப்பிடியை விட்டுவிட்டாள். ரயில் குலுங்க, பக்கத்திலிருந்தவர்மேல் சாய்ந்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ, என்ர கடவுளே! தோளில போடுறது துவாய் அப்பா, துவாய்! துண்டெண்டால் கடதாசித் துண்டு. பிள்ளை பள்ளிக்கூடம் போகாட்டி, காய்ச்சல் வருத்தம் எண்டு அம்மா ரீச்சருக்குத் துண்டு குடுத்துவிடுவா. உம்மட அப்போதிக்கரி, சண்டை நடக்கிற நேரத்தில, நேவிக்காரரின்ர தலை துடைக்க ஆள்வைச்சுத் துவாய் அனுப்பினவராமோ?”

“நான் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன்.”

“இங்கிலிசிலயோ?”

“ஆமா.”

“கல்லு வைக்கிற கமிட்டிக்கோ?”

“ஆமாக்கா. சிரிக்காதீங்க.”

ரதிதேவி சிரித்தாள். பிறகு பூங்கோதையின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். “நாளைக்கு எத்தினை மணிக்குக் கூட்டம்?”

“ரெண்டு மணிக்கு.”

“அப்ப விடிய முதல் ரெயினில போம். அந்தத் துண்டு ஸ்டேசனுக்குப் போயிருந்தால், வாங்கினவன் எங்கயாவது எழுதியிருப்பான். வெள்ளைக்காரன் எழுதாமல் இருக்கமாட்டான்.”

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, நுவாலோவின் பதினான்கு பெட்டிகளும் நீண்ட மேசையின்மேல் வரிசையாக நின்றன. பூங்கோதையும் ஜூடித்தும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வானொலிச் செய்திப் பதிவேட்டில் அந்த நாளுக்குப் பதினேழு செய்திகள் இருந்தன. ஒன்றும் மருத்துவமனையிலிருந்து வந்ததில்லை. காவல் முறை அட்டவணையில், மேற்குக் குன்று என்ற கட்டத்தில், தெபானோவின் பெயர் காலை முதல் இரவுவரை மாறாமல் இருந்தது. இந்த இரண்டு ஏடுகளைத்தான் அன்றைய விசாரணை பார்த்தது. அறிக்கையின் கடைசியில், பார்த்த ஆவணங்கள் என்று இவ்விரண்டின் பெயர்களே இருந்தன.

“அவர்கள் பார்க்காதவை எவை?” என்றாள் பூங்கோதை.

ஜூடித் அட்டவணையில் விரலை ஓட்டினாள். “சமையலறை ஏடு. எரிபொருள் ஏடு. வாயில் ஏடு.”

நிலையத்தைச் சுற்றி முள்வேலி இருந்தது. ஒரே வாயில். அங்கே நின்ற காவலாள், உள்ளே வந்தவர் யார், எப்போது, யாரைப் பார்க்க என்று எழுதிவைத்திருக்கிறான். பெரும்பாலும் மீன் கொண்டுவந்தவர்கள், துணி துவைப்பவர்கள். பென்சில் எழுத்து, மங்கிவிட்டது. பூங்கோதை விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். மார்ச் பத்து. பதினொன்று. பன்னிரண்டு. பக்கத்தைத் திருப்பும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

‘பதின்மூன்று. பகல் 12.40. மருத்துவமனை ஆள். பணி அதிகாரிக்குக் கடிதச் சீட்டு. உள்ளே விடப்பட்டான். 12.55. வெளியேறினான்.’

மாலையில்தான் படகு மூழ்கியது. பணி அதிகாரி அதற்கு முன் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் அந்தச் சீட்டைக் கையில் வைத்திருந்திருக்கிறார். குன்றுக்கு வேறு ஆள் போகவில்லை.

இரண்டு மணிக்குக் குழு கூடியது. தலைவரோடு ஐந்து பேர். தெரேசா, கருநீல உடையில், மேசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால், மடித்த தாள் ஒன்று இருந்தது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் கடிதம் அது என்பதைப் பூங்கோதை ஊகித்தாள்.

அவள் எழுந்து நின்றாள். வெள்ளிக்கிழமை தான் கொடுத்த மொழிபெயர்ப்பில் மூன்று பிழைகள் இருக்கின்றன என்று தொடங்கினாள். முதற்பிழை, வாழைக்குலைகளைக் கப்பல்கள் ஆக்கியது. குழுவினரில் ஒருவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். இரண்டாவது, தெபானோவைப் பெயரில்லாத நோயாளி ஆக்கியது. மூன்றாவது, கடிதத்தைத் துணி ஆக்கியது. ஒவ்வொன்றுக்கும் ஏட்டின் பக்கத்தைக் காட்டினாள். நட்ட கப்பலையும், அதற்கு ஊற்றிய தண்ணீரையும் காட்டினாள். கடைசியாக வாயில் ஏட்டைத் தலைவரின் முன்னால் திறந்து வைத்தாள்.

தலைவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு நெடுநேரம் படித்தார்.

“உங்களுடைய மொழியை உங்களுக்குத் தெரியாதா, அம்மணி?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பினார்.

“என்னுடைய ஊரின் மொழி தெரியும். அவருடைய ஊரின் மொழி எனக்கும் தெரியும் என்று எண்ணிக்கொண்டேன். கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை.”

“அந்தச் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று உங்களால் சொல்லமுடியுமா?”

முடியும் என்று சொல்ல ஆசையாக இருந்தது. தெரேசாவின் கண்கள் அவள்மேல் இருந்தன.

“முடியாது. சீட்டு கிடைக்கவில்லை. காய்ச்சல்காரரைக் கிடத்திய அடுத்த வரியில் அதை அனுப்பியதாக எழுதியிருக்கிறார். அது நிலையத்துக்கு வந்து சேர்ந்ததாக உங்கள் காவலாள் எழுதியிருக்கிறான். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இந்தமுறை அடைப்புக்குறிக்குள் எதையும் சேர்க்கமாட்டேன்.”

தலைவர் விசாரணை அறிக்கையை இழுத்து, வாயில் ஏட்டின் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “காவலை விட்டவன் அனுமதியில்லாமல் விட்டான் என்பதற்கு இங்கே ஒரு சான்றும் இல்லை. அறிவித்தான் என்பதற்குப் பாதிச் சான்று இருக்கிறது. அன்று இந்த ஏட்டை அவர்கள் கேட்டு வாங்கியிருக்கவேண்டும்” என்றார். பிறகு குழுவினரைப் பார்த்தார். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. ஐந்தாவது கை தலைவருடையது.

“இருபத்து மூன்று பெயர்கள்” என்றார் தலைவர், எழுதுபவரிடம்.

தெரேசா பூங்கோதையின் பக்கம் திரும்பி, “மூன்று குலையில் ஒன்று அழுகியிருந்ததா?” என்று கேட்டார்.

“அப்படித்தான் எழுதியிருக்கிறார், அம்மா.”

“இருக்காது. எங்கள் வீட்டு ஆட்கள் அழுகினதைக் கொடுக்கமாட்டார்கள். மழையில் நனைந்திருக்கும்.” அவர் முன்னாலிருந்த தாளை நான்காக, எட்டாக மடித்துக் கைப்பைக்குள் போட்டார். “அந்த வைத்தியர் கொஞ்சம் கறாரான ஆள் போலிருக்கிறது.”

அதன் பிறகுதான் அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. ஜூடித் தண்ணீர் கொண்டுவந்தாள். தெரேசா குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தீவிலிருக்கும் உறவினரைத் தொலைபேசியில் அழைத்தார். தாழ்வாரத்துச் சன்னலோரம் நின்று, தம்முடைய மொழியில் உரத்த குரலில் பேசினார். தந்தையின் பெயரைத் தவிர மற்றவை பூங்கோதைக்குப் புரியவில்லை. ஆனால், ஒரு சொல் அந்தப் பெயரை ஒட்டியே மீண்டும் மீண்டும் வந்தது. மறுமுனையில் இருந்தவரும் அதையே திருப்பிச் சொல்வது கேட்டது.

பேச்சு முடியும்வரை அவள் காத்திருந்தாள்.

“அம்மா, அப்பாவின் பெயரோடு ஒரு சொல் சொன்னீர்களே, அதற்கு என்ன பொருள்?”

தெரேசா யோசித்தார். “காவலாள் என்று சொல்லலாம். விழித்திருக்கிறவன் என்றும் சொல்லலாம். எங்களுக்கு இரண்டும் ஒரே சொல்தான்.”

“அங்கே எல்லா ஊரிலும் அப்படித்தானா?”

“எங்கள் பக்கத்தில் அப்படி. வடக்குப் பக்கத்துக்காரர்களை நீ தனியாகக் கேட்கவேண்டும்.”

பூங்கோதை பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். அதற்கு நேரே இரண்டு பொருள்களையும் எழுதினாள். கீழே, ‘வடக்குப் பக்கம்: கேட்கவேண்டும்’ என்று எழுதி, அடுத்த வரியைக் காலியாக விட்டாள்.